பீரங்கிக் குண்டுக்கு எது: கரன்ட்டா, காஸ்டிக் சோடாவா?

கடலடியில் நூறு, இருநூறு வருடம் கிடந்த இரும்புக் குண்டைத் துடைத்துக் காயவைத்தால், சில வாரங்களில் அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன நீர்த்துளிகள் அரும்பும். அப்புறம் மேல்பகுதி பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். எல்லாம் உள்ளே ஊறிய குளோரைடு உப்பின் வேலை. அதை வெளியே எடுக்க மின்னாற்பகுப்பு ஒரு வழி, வெறும் காரக் கரைசலில் (காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில்) ஊறவைப்பது இன்னொரு வழி. எங்கள் சிறிய ஆய்வகத்தில் வார்ப்பிரும்புக் குண்டுகளுக்கு ஊறவைப்பதையே தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மின்னாற்பகுப்பின் பலம் தெரிந்ததுதான். பொருளை எதிர்முனையில் இணைத்து, சுற்றிலும் மைல்ட் ஸ்டீல் வலையை நேர்முனையாக நிறுத்தி, டிசி பவர் சப்ளையைப் போட்டால் உப்பு வேகமாக வெளியேறும், ஒட்டிய சுண்ணாம்புப் பாறையும் தளரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த யுஎஸ்எஸ் மானிட்டர் என்ற இரும்புக் கப்பலின், 2002-இல் கடலிலிருந்து தூக்கிய பீரங்கிக் கூண்டுக்கு இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அது வார்ப்பிரும்பு அல்ல, தேனிரும்பு (கார்பன் மிகக் குறைந்த, அடித்து உருவாக்கும் இரும்பு), பார்த்துக்கொள்ளப் பெரிய குழுவும் இருக்கிறது.

முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். கடலில் கிடந்த வார்ப்பிரும்பின் மேற்பகுதியில் இரும்பு கரைந்துபோய் கிராஃபைட் மட்டுமே மிஞ்சியிருக்கும். கத்தி முனை பட்டாலே தடம் விழும். குண்டின் அசல் வடிவம் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. கரன்ட் கொஞ்சம் கூடினாலும் ஹைட்ரஜன் குமிழிகள் உள்ளிருந்து அதை நெம்பிவிடும். கிளிப் பிடிக்கும் இடத்தில் நல்ல இரும்பு தட்டுப்பட வேண்டும், அந்த இணைப்பையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வாயு வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போகும் இடத்தில் இதையெல்லாம் யார் கவனிப்பது?

ஊறவைப்பதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியும் லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடாவும் போதும். கையுறை, கண்ணாடி கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி தளர்ந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தைக் குறைக்கும் என்பதால் பிஎச் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது கொஞ்சம் கரைசல் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சொட்டினால், வெளியேறிய குளோரைடுக்கு ஏற்பப் பால் மாதிரி வெண்மை திரளும். அமிலம் போதாவிட்டால் பழுப்பு நிறம் வந்து குழப்பும். வெண்மை எவ்வளவு என்பதை அளந்து குறித்து வர வேண்டும். அளவு ஏறாமல் நின்றதும் கரைசலை மாற்ற வேண்டும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பு என்பதால் கடைசிச் சுற்றுகளுக்கு அயனி நீக்கிய தண்ணீர்தான் சரி.

குறை ஒன்றுதான்: காலம். வருடக்கணக்கில் பொறுக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ஹன்லி நீர்மூழ்கியையே 2014-இல் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முழுதாக இறக்கினார்கள் என்பதால் எனக்கு அதில் தயக்கமில்லை. மரப்பிடியோ ஈயமோ சேர்ந்த பொருள் என்றால் இந்தத் தொட்டியில் போடவே கூடாது, காரம் இரண்டையும் அரிக்கும்.

பெரிய தேனிரும்பு நங்கூரங்களில் என் அனுபவம் குறைவு. உள்ளே கெட்டியான இரும்பு மிஞ்சியிருந்து, தினமும் அம்மீட்டரைப் பார்க்க ஆளும் இருந்தால், அங்கே மின்னாற்பகுப்புக்குத்தான் என் ஓட்டு.