பணம் அச்சிடுவதா, வரி போடுவதா: இலங்கை கண்ட இரு வழிகள்

2019 டிசம்பரில் வற் (பொருள், சேவைகள் மீதான பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. அரசின் செலவு குறையவில்லை. துண்டுவிழுந்த தொகைக்கு மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை, அதாவது அரசின் குறுகியகாலக் கடன் பத்திரங்களை, நேரடியாக வாங்கியது. அதற்குக் கொடுத்தது புதிதாக உருவாக்கிய பணம். உடனே கிடைக்கும், யாரும் எதிர்க்கமாட்டார்கள். ஆனால் அந்த ரூபாய் இறக்குமதிக்காக டொலரைத் தேடி ஓட, கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பு சரிந்தது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம்! சம்பளக்காரரின் சேமிப்பு கண்ணெதிரே தேய்ந்தது.

வரி வழியில் புதுப்பணம் பிறப்பதில்லை, இருப்பதே கைமாறுகிறது. 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானபோது விலை ஒருமுறை ஏறியது. அந்த ஏற்றம் தொடரவில்லை. ஆனால் வற் ஏழை வீட்டையே கூடுதலாக வருத்தும். ஆகவே வருமான வரியின் பங்கை உயர்த்துவதே நியாயம்.