அளக்குறதா, கேக்குறதா, நேர்ல போய் பாக்குறதா?

யூசருக்கு என்ன தேவைன்னு கண்டுபிடிக்க டிசைன் டீம்ல எப்பவும் மூணு கட்சி இருக்கும். ஆள அளந்தா போதும்னு ஒண்ணு, கேட்டா போதும்னு ஒண்ணு, நேர்ல போய் பாக்கணும்னு ஒண்ணு. மூணையும் அமெரிக்க ராணுவ விமானங்கள்ல எப்பவோ செஞ்சு பாத்துட்டாங்க, அத வச்சே பேசுவோம்.

அளக்குறது. அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சியாளர் கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 பைலட்டோட உடம்பு அளவுகள எடுத்து, 10 அளவுலயும் சராசரிக்கு பக்கத்துல வர்றவங்க எத்தன பேர்னு பாத்தாரு, ஒருத்தர்கூட தேறல. ரிப்போர்ட் வந்தது 1952ல. சீட்டு, பெடல் எல்லாம் ஆளுக்கு தகுந்த மாதிரி நகரணும்னு சொல்றதுக்கு இத விட ஆதாரம் வேணாம். ஆனா கை எட்டுமான்னுதான் டேப் சொல்லும், அவசரத்துல அந்தக் கை எதப் புடிக்கும்னு சொல்லாது.

கேக்குறதுல, எப்படி கேக்குறோம்ங்கறதுதான் எல்லாமே. "என்ன ஃபீச்சர் வேணும்"னு ஃபார்ம் குடுத்தா ஜனங்க ஏற்கனவே பாத்தத எழுதி குடுப்பாங்க, அவ்ளோதான். ஃபிட்ஸ், ஜோன்ஸ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 1947ல பைலட்டுங்ககிட்ட, கன்ட்ரோல தப்பா இயக்குன ஒரு சம்பவத்த நடந்தது நடந்தபடி சொல்லுங்கன்னு கேட்டாங்க. 460 சம்பவம் சேந்துச்சு, அதுல ஏறக்குறைய பாதி, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண இழுத்தது. பி-25 விமானத்துல என்ஜின கட்டுப்படுத்துற மூணு லீவரும் இடதுலருந்து த்ராட்டில், ப்ரொப்பெல்லர், மிக்ஸ்சர்னு வரிசை. சி-47ல ப்ரொப்பெல்லர் முதல்ல, சி-82ல மிக்ஸ்சர் முதல்ல. பிளேன் மாறி உக்காந்தவர் கை பழகுன எடத்துக்குத்தானே போகும், அதப்போய் பைலட் தப்புன்னு எழுதுறது அநியாயம்.

நேர்ல பாக்குறதுக்கு உளவியல் ஆராய்ச்சியாளர் அல்போன்ஸ் சபானிஸ். பி-17 பத்திரமா தரையிறங்கின பிறகு, ஃப்ளாப்ப (இறக்கைல நீட்டி மடக்குற தகடு) மடக்குறதுக்கு பதிலா பைலட்டுங்க சக்கரத்த மடக்கிட்டு இருந்தாங்க, சி-47ல அப்படி நடக்கல. அவரு பி-17 காக்பிட்ட பாத்தா ரெண்டு சுவிட்சும் பக்கத்து பக்கத்துல, ஒரே அச்சு. அதுக்கு அவர் சொன்ன தீர்வு, சக்கரத்தோட சுவிட்ச்சுல சின்ன ரப்பர் சக்கரம், ஃப்ளாப்போடதுல ஆப்பு மாதிரி ஒரு பிடி, கண்ணால பாக்காமலே விரலுக்கு வித்தியாசம் தெரியும். இன்னிக்கும் லேண்டிங் கியர் லீவர் நுனி சக்கர வடிவத்துலதான் இருக்கு.

எனக்கு இதுல பிடிச்சது மூணாவதுதான், ஆனா அத முதல்ல செய்ய மாட்டேன். நம்ம போய் நிக்குற அன்னிக்கு தப்பு நடக்கணும்னு இல்லையே. முதல்ல சம்பவம் கேக்கணும், அதுல அடிக்கடி வர்ற எடம் எதுவோ அங்க போய் நிக்கணும், டேப்ப கைப்பிடி, சீட்டுன்னு வர்றப்ப எடுத்தா போதும். காசு கம்மின்னா ஃபீச்சர் ஃபார்மத்தான் மொதல்ல வெட்டணும்.