காளகஸ்தி கலம்காரி கிட்: பொருள் அசல், தாள்தான் போதாது

ராகு கேது பூசைக்குக் காளகஸ்தி போய்வரும் திருத்தணி, நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் திரும்பும்போது ஒரு கலம்காரித் துணியை, அதாவது மூங்கில் கலத்தால் வரைந்து இயற்கைச் சாயம் ஏற்றிய துணியை, சுருட்டி எடுத்து வருவது பழைய வழக்கம். இப்போது அங்குள்ள பட்டறைகளில் சில, முடித்த படத்தோடு, வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பழகுவதற்கான கிட்டும் கட்டித் தருகின்றன. அப்படி ஒரு சின்னப் பட்டறையின் 650 ரூபாய் கிட்டைப் பற்றியது இந்த மதிப்பீடு. கோலம் போடவும் நோட்டில் பென்சிலால் வரையவும் கை பழகியவர்களுக்கு, பள்ளிப் பிள்ளை முதல் ஓய்வுபெற்றவர் வரை, இதை வாங்கித் தரலாம். கூடவே கீழே சொல்லியிருக்கும் அளவுகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிட்டில் உள்ள செய்முறைத் தாள் தெலுங்கில் மட்டும் இருக்கிறது. ஆந்திர எல்லைப்புறத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தாலும் பயன் குறைவு, ஏனென்றால் அதில் எவ்வளவு, எத்தனை நேரம் என்ற இரண்டும் இல்லை.

உள்ளே இருப்பவை: அரை மீட்டர் காடாத்துணி மூன்று (இரண்டு கடுக்காயும் பாலும் ஏற்றிப் பதப்படுத்தியவை, ஒன்று வெறும் துணி), மூங்கில் கலம் இரண்டு, காசிம் என்ற இரும்பு மை 100 மில்லி, கடுக்காய்ப் பொடி 50 கிராம், படிகாரம் 50 கிராம், சிவப்புச் சாயத்துக்கு மஞ்சிட்டி வேர்ப் பொடி 50 கிராம், கடுக்காய்ப் பூ 25 கிராம், புளியங்குச்சிக் கரி ஐந்து துண்டு.

முதலில் கலத்தைப் பாருங்கள். கூராகச் சீவிய மூங்கில் குச்சி, நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கும். மை நிற்பது அந்தப் பொதியில்தான். பொதியை விரலால் லேசாக அழுத்தினால் மை நுனிக்கு இறங்கும், விட்டால் நிற்கும். பேனாபோல விரல் நுனியில் பிடித்து எழுதப் பார்த்தால் ஒன்று சொட்டும், இல்லை காயும். கலத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொதியின்மேல் படும்படி பிடிக்க வேண்டும். கோலம் போடும் கைக்கு இது சீக்கிரம் வரும், மாவை விடுவதும் நிறுத்துவதும் அதே விரல்கள்தானே. இந்தக் கிட்டில் ஒரு கலம் கூர், ஒன்று மொட்டை: கூர் கோட்டுக்கு, மொட்டை நிரப்புவதற்கு. கூர்க்கலத்தின் நூல் கட்டு தளர்வாக இருக்கிறது. பிரித்து இறுக்கிக் கட்டிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பொதி கீழே நழுவி நுனியை மூடிவிடும்.

காசிம்தான் கலம்காரியின் கறுப்பு. துருப்பிடித்த இரும்பு, வெல்லம், தண்ணீர் மூன்றும் மண்பானையில் 15 முதல் 20 நாள் புளித்து வருவது. பாட்டிலில் பார்த்தால் நீர்த்த பழுப்பு நிறம். ‘இது கறுப்பே இல்லையே’ என்று தோன்றும். பதப்படுத்திய துணியில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். வெளிறிய கோடு கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுக்கும். துணியில் ஊறியிருக்கும் கடுக்காயின் துவர்ப்பும் மையில் கரைந்த இரும்பும் சேர்ந்துதான் கறுப்பாகின்றன. வெறும் துணியில் அதே மை துருக்கறையாக நிற்கும். முதல் நாள் பிள்ளைகளுக்கு இரண்டு துணியிலும் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டால் போதும், பிறகு எதற்குக் கடுக்காய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கிட்டில் வரும் காசிம் நல்ல காசிம். பாட்டில்தான் சரியில்லை. புளித்த சரக்கை இறுக மூடினால் உள்ளே காற்றுக் கட்டும். வீட்டுக்கு வந்ததும் மெதுவாகத் திறந்து, மெல்லிய துணியால் வடிகட்டி, வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, மூடியைத் தளர்வாகப் போடுங்கள். அடிக்கசடு கலத்துக்குள் போனால் கோடு திட்டுத்திட்டாக விழும். ஒரே கோட்டின்மேல் மூன்று நான்கு முறை போய்க் கறுப்பைக் கூட்டவும் வேண்டாம், இரும்பு மிஞ்சினால் அந்த இடத்தில் துணி நாள்பட இற்றுப்போகும். தவறிச் சொட்டிய இடத்தில் எலுமிச்சைச் சாறு தொட்டால் மங்கும், ஆனால் முழுக்கப் போகாது. அந்தச் சொட்டை ஒரு பூவாகவோ கிளியின் கண்ணாகவோ மாற்றிவிடுவதுதான் நல்லது.

மூன்றாவது துணியை நீங்களே பதப்படுத்த வேண்டும். கஞ்சி போகும்வரை அலசி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். அரை மீட்டருக்குக் கடுக்காய்ப் பொடி 25 கிராம், காய்ச்சாத எருமைப்பால் 100 மில்லி, தண்ணீர் 300 மில்லி. கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டி, துணியை 20 நிமிடம் ஊறவிட்டு, ஒரே சீராகப் பிழிந்து வெயிலில் விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் மடிப்பில் மஞ்சள் வரி விழும், கீழ் ஓரத்தில் சாறு இறங்கித் திட்டாகும். எருமைப்பால் எதற்கென்றால் அதன் கொழுப்புதான் மையைப் பரவவிடாமல் நிறுத்துகிறது. பாக்கெட்டில் வரும் கொழுப்பு எடுத்த பாலில் செய்தால், வரைந்த கோடு ஈரத்தாளில் மசி கசிந்ததுபோல் இருபுறமும் ரோமம் விடும். அரைகுறையாகக் காய்ந்த துணியிலும் இதே கதைதான். பால் வாடை இரண்டு அலசலில் போய்விடும்.

இனி சிவப்பு. தொடக்கக்காரர்கள் அதிகம் தோற்பது இங்கேதான், தாளில் ஒரே வரியில் முடித்திருப்பதும் இதைத்தான். கலம்காரியில் சிவப்பைப் பூசுவதில்லை. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத்தான் பூசுகிறோம். பிறகு துணி முழுவதையும் சாயத்தில் போட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடிக்கும். 200 மில்லி வெந்நீரில் 20 கிராம் படிகாரம் கரைத்து ஆறவிடுங்கள். கரைசலுக்கு நிறமில்லாததால் எங்கே பூசினோம் என்று தெரியாது, அதற்காக ஒரு சிட்டிகை மஞ்சிட்டிப் பொடி கலக்கிக்கொள்ளலாம். பூசிய துணி ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மறுநாள் அலசல். பட்டறைக்காரர்கள் பொன்முகலி ஆற்றில் துணியை ஓடும் நீரில் பிடிப்பதன் காரணம் இதுதான்: ஒட்டாத படிகாரத்தை நீர் அடித்துக்கொண்டு போய்விடும், பக்கத்து இடத்தில் படியவிடாது. வாளியில் முக்கித் தேய்த்தால் படிகாரம் துணி முழுக்கப் பரவி, கடைசியில் பின்புலமெல்லாம் ரோஸ் ஆகிவிடும். வீட்டில் சாய்வான பலகையில் துணியை விரித்து, குழாய் நீர் மேலிருந்து கீழே ஓடும்படி பத்து நிமிடம் விடுங்கள். கை படவே வேண்டாம்.

மஞ்சிட்டிக்கு அடுப்பு மெதுவாக இருக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர், 50 கிராம் பொடி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே துணி. ஆவி வரும் சூட்டில், கொதி வராமல், குச்சியால் புரட்டிக்கொண்டே 40 நிமிடம். கொதிக்கவிட்டால் சிவப்பு செங்கல் பழுப்பாகத் திரும்பும். இரும்புச் சட்டியில் செய்தாலும், இரும்பு கலந்த போர்த் தண்ணீரில் செய்தாலும் நிறம் கறுத்துவிடும். முடிந்தால் மழைநீர் பிடித்து வையுங்கள். கிட்டில் கொடுக்கும் 50 கிராம் ஒரு துணிக்குத்தான் சரி. மூன்று துணி கொடுத்துவிட்டு ஒரு துணிக்கான சாயம் கொடுப்பது இந்தக் கிட்டின் பெரிய குறை. நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர் கிடைக்கும், வாங்கி இடித்துக்கொள்ளலாம்.

மஞ்சள் எளிது. கடுக்காய்ப் பூவை அரை லிட்டர் நீரில் பாதியாகும்வரை காய்ச்சி, வடிகட்டி, ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்துத் தொட்டுப் பூசலாம். அதற்குமுன் துணியை நீர் கலந்த பாலில் ஒரு முறை நனைத்துக் காயவைக்காவிட்டால் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடும். நீலம் இந்தக் கிட்டில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டோம். அவுரியைப் புளிக்கவைப்பது தனி வித்தை, முதல் துணியில் அதைத் திணித்தால் ஆசை விட்டுப்போகும்.

வரைய வேண்டியது என்ன? தாளில் மாதிரியாகப் பார்வதி முகம் கொடுத்திருக்கிறார்கள், அது தவறான தொடக்கம். முதல் துணி முழுக்கக் கரை மட்டும் போடச் சொல்லுங்கள்: தாமரை இதழ் வரிசை, கொடி, கிளி, சங்கிலிப் புள்ளி. ஒரே வடிவம் ஐம்பது முறை வரும்போதுதான் விரல் அழுத்தத்தின் அளவு பிடிபடும். இரண்டாவது துணியில் மரமும் மயிலும். முகம் மூன்றாவதில்.

எல்லைப்புற வீடுகளில் சுவரில் ஒரு தஞ்சாவூர்ப் படம், காலண்டரில் ரவி வர்மா வழியில் வந்த லட்சுமி, கதவுக்குமேல் கலம்காரிக் கரை என்று மூன்றும் இருக்கும். ஒன்றின் அளவுகோலால் இன்னொன்றை அளந்தால் மூன்றுக்கும் நியாயம் கிடைக்காது. ரவி வர்மா எண்ணெய் வண்ணத்தில் தோலின் வெளிச்சத்தையும் பட்டின் மடிப்பையும் தேடினார். தஞ்சாவூர்ப் படத்தில் மக்குப் பசை மேடிட்டுத் தங்கரேக்கு ஒட்டியிருக்கும், விளக்கொளியில் மின்னுவதற்கு ஏற்ற வேலை அது. காளகஸ்தித் துணியில் எல்லாமே கோடு. நடுவில் பெரிய கட்டம், சுற்றிலும் சின்னக் கட்டங்கள், ஓரத்தில் தெலுங்கு எழுத்து வரி என்று கதையை வரிசையாகச் சொல்லும். ராமனும் கண்ணனும் நீலம், அனுமன் பச்சை என்று நிறமே ஆளைச் சொல்லிவிடும். அங்கே நிழல் எங்கே, தூரம் எங்கே என்று தேடுவது பொருத்தமில்லை. அதே கலம்காரி மசூலிப்பட்டினம் பக்கம் போனால் மரஅச்சில் பாரசீகக் கொடியும் பூவுமாகிறது. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேருக்குத் தொம்பை (உருளையாகத் தைத்த தொங்கல்), கோயிலுக்கு விதானம் என்று தொங்கி அசையும் துணியாகிறது. தொம்பையை ஆடும்போது பார்க்க வேண்டும், விரித்துப் போட்டுப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

ஆகவே யாராவது முதல் துணியைக் கொண்டுவந்து காட்டினால், ‘மூக்கு கோணலா இருக்கே’ என்று தொடங்காதீர்கள். வெறும் ‘நல்லா இருக்கு’ம் உதவாது. துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தயங்காமல் ஓடியிருக்கும் ஒரு கோட்டைக் கண்டுபிடியுங்கள். ‘இந்தக் கிளியோட முதுகு ஒரே இழுப்புல வந்திருக்கும்மா, இங்க எவ்வளவு மை எடுத்த?’ என்று கேட்டால், பிள்ளை தன் விரல் என்ன செய்தது என்று யோசிக்கத் தொடங்கும். அடுத்த துணியில் அதே இழுப்பு மூன்று இடத்தில் வரும். குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, அதுவும் திருத்தக்கூடியது: பொதி ஈரம், பிடி, துணி காய்ந்த அளவு. இந்தக் கலையே கற்றுக்குட்டிகளால் பிழைத்ததுதான். அருகிப்போயிருந்த வேளையில், 1950களின் கடைசியில், கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் காளகஸ்தியில் பயிற்சி நிலையம் வந்தது, புதியவர்கள் உட்கார்ந்து கலம் பிடித்தார்கள். அந்த ஊர்க் கலைஞர் குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வாங்கப் போகும்போது ஒரு எச்சரிக்கை. கோயில் வீதியில் ஸ்கிரீன் பிரிண்ட் துணிகளும் கலம்காரி என்ற பெயரில் தொங்கும். இரண்டு பூக்களை ஒப்பிடுங்கள். ஒரே பிசிறு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது அச்சு. கைவேலையில் கோடு தடித்து மெலியும், துணியின் பின்பக்கமும் கறுப்பு ஊறியிருக்கும். பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்ட ஒரு சாண் அளவு கைவேலைத் துண்டாவது வாங்குங்கள்.

கிட்டோடு இன்னும் இரண்டு பதப்படுத்திய துணியும், மஞ்சிட்டி 100 கிராமும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் ஒரு விடுமுறை முழுக்கப் போதும். முடித்த துணியைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், நேர்வெயில் படும் சுவரில் மாட்டினால் மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். மிச்சக் காசிமைக் கொட்டிவிட வேண்டாம். இரண்டு துருப்பிடித்த ஆணியும் ஒரு துண்டு வெல்லமும் போட்டு வைத்தால் அடுத்த துணிக்கு ஆகும்.