லோக்கல் கைடு: பாயின்ட் ஏறுது, மேப் தேறுதா?

கூகுள் மேப்ஸில் ரிவியூ, படம், திருத்தம் என்று பங்களித்துப் பாயின்ட் சேர்க்கும் லோக்கல் கைடாகச் சேர்ந்து சில வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். எதற்கு எத்தனை பாயின்ட் என்ற பட்டியலைப் பார்த்தாலே, மேப்பில் எந்தக் குப்பை எங்கே குவியும் என்று சொல்லிவிடலாம்.

ரிவியூ எழுதினால் 10. அது 200 எழுத்தைத் தாண்டினால் மேலும் 10. படத்துக்கு 5, வீடியோவுக்கு 7. ஏற்கெனவே இருக்கும் விவரத்தைத் திருத்தினால் 5. புது இடமோ புது ரோடோ சேர்த்தால் 15. ஸ்டார் மட்டும் தட்டினால் 1, கேள்விக்குப் பதில் சொன்னால் 1. 250 சேர்ந்ததும் 4-ஆம் லெவலும் பெயருக்குப் பக்கத்தில் பேட்ஜும் வரும். 5-ஆம் லெவலுக்கு 500. அதற்குப் பிறகு ஏணி செங்குத்து: 1,500, 5,000, 15,000, 50,000, கடைசியாக 10-ஆம் லெவலுக்கு ஒரு லட்சம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பாயின்ட்டுக்கு 100 படம் போதும். ஒரே கல்யாண மண்டபத்தில், ஒரே பந்தியில் எடுத்து முடித்துவிடலாம். இன்ன படம்தான் ஏற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. விலையோடு தெளிவாகத் தெரியும் மெனு கார்டுதான் ஓட்டல் பக்கத்தில் இருக்கக்கூடிய மிகப் பயனுள்ள படம். அதற்கும் 5 தான், பாதி கடித்த வடைக்கும் 5 தான். பஸ் ஜன்னலிலிருந்து வரிசையாகக் கடைகளைச் சுட்டு, ஒவ்வொன்றையும் அந்தந்தக் கடையில் ஏற்றுகிறவர்கள் உண்டு. போர்டின் பாதி, முன்னால் போகும் லாரியின் பின்பக்கம், அவ்வளவுதான் அதில் தெரியும். பார்வை எண்ணிக்கையைக் காட்டி வரும் பாராட்டு மெயில் இன்னொரு தூண்டில். கூட்டம் எங்கே தேடுகிறதோ அங்கே ஏற்றினால்தான் பார்வை கூடும். அதனால் பெரிய ரயில் நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கில் படம் கிடக்கும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு படம் இருக்காது.

ரிவியூ தில்லுமுல்லு வேறு ரகம். 200 எழுத்து போனஸ் இருப்பதால் கோயில் பக்கங்களில் தல புராணத்தை எங்கிருந்தோ அள்ளி ஒட்டுவார்கள். நடை எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள், வண்டியை எங்கே நிறுத்துவது என்ற இரண்டு வரிதான் போகிறவருக்கு வேண்டியது, அது இருக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மோசமானது ஒரு பாயின்ட் கேள்விகள்தான். 'இங்கே சக்கர நாற்காலி செல்லும் நுழைவாயில் உண்டா?', 'கார்டு வாங்குவார்களா?', 'கழிப்பறை உண்டா?' என்று ஆப் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆம், இல்லை, உறுதியாகத் தெரியாது என்று மூன்று பதில். சோபாவில் சாய்ந்தபடியே வரிசையாக 'ஆம்' தட்டிக்கொண்டு போகலாம். மங்கலான படத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவோம். பொய்யான 'ஆம்' வெறும் டிக் அடையாளமாக, மெய்யான 'ஆம்' போலவே உட்கார்ந்திருக்கும். அதை நம்பி சக்கர நாற்காலியோடு போகிறவர் வாசலில் நாலு படியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். இந்த வசதி விவரங்களை மட்டும் மேப்பை நம்பி முடிவு செய்யாதீர்கள்; கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதே பாதுகாப்பு.

அடுத்தது 15 பாயின்ட் சரக்கு. சொந்த வீட்டை 'அம்மா இல்லம்' என்று இடமாகச் சேர்ப்பது விதிப்படி கூடாது, ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதைவிடத் தொல்லை, ஒரே மாரியம்மனுக்கு கோவில், கோயில், டெம்பிள் என்று மூன்று பெயரில் மூன்று பின் (மேப்பில் இடத்தைக் காட்டும் குறி). ரிவியூ மூன்றாகச் சிதறும். ஒரு பின் பின்பக்கச் சந்தில் இருந்தால் வழிகாட்டி அந்தச் சந்துக்குள்தான் காரைக் கொண்டுபோய் விடும்.

இதைச் சரிசெய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருத்தம் பரிந்துரைக்கும் பகுதியில், இடத்தை மூட அல்லது அகற்றச் சொல்லும் தேர்வுக்குள் போனால் காரணப் பட்டியல் வரும். இரட்டைப் பதிவுக்கென்று தனிக் காரணம் இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதைத் தட்டி, அது ஏற்கப்பட்டும்விட்டால், நன்றாக நடக்கும் கடை மூடிய கடையாகத் தெரியும். வியாபாரம் அடிபடும். ரிவியூ அதிகமுள்ள பின்னை விட்டுவைத்து மெலிந்ததை நீக்கச் சொல்லுங்கள். விட்டுவைத்த பின் தவறான இடத்தில் இருந்தால் அதை நகர்த்துவது தனித் திருத்தம். பெயரையும் இடத்தையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். இது வேறு கடையோ என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். போர்டு தெரியும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். வீட்டுப் பின்னுக்கு 'தனியார் இடம்' என்ற காரணம் பொருந்தும்.

ஒருவர் ரிவியூவை நம்பலாமா என்று பார்க்க லெவல் எண் உதவாது. அது எவ்வளவு செய்தார் என்று சொல்லும், எப்படிச் செய்தார் என்று சொல்லாது. பெயரைத் தட்டி அவருடைய பங்களிப்புகளைப் பாருங்கள். மூன்று ஊர்ப் பல் மருத்துவமனைகளுக்கு ஒரே வாரத்தில் 5 ஸ்டாரா? எல்லாக் கடைக்கும் அதே நாலு வாக்கியமா? படம் நூற்றுக்கணக்கில் இருந்தும் விலையோ நேரமோ சொல்லும் வரி ஒன்றுகூட இல்லையா? நகர்ந்துவிடுங்கள். 3 ஸ்டார் கொடுத்து, எது நன்றாக இல்லை என்று பெயர் சொல்லி எழுதும் 3-ஆம் லெவல்காரர் எவ்வளவோ மேல்.

லோக்கல் கைடு திட்டம் 2015-இல் தொடங்கியபோது ஐந்தே லெவல்தான். 4-ஆம் லெவலுக்கு கூகுள் டிரைவில் 1 டெராபைட் இடம் கொடுத்தார்கள். அந்த ஆசைக்கு ஓடிய கூட்டம் பெரிது. 2017-இல் பத்து லெவலாக்கினார்கள். பரிசு சுருங்கியும் ஓட்டம் நிற்கவில்லை, எண் ஏறுவதே போதுமானதாக இருக்கிறது.

மலேசியாவில் பலர் வழிக்குத் திறப்பது வேஸ் (Waze) என்ற ஆப். அங்கே கிரீடம் விகிதக் கணக்கு: பாயின்ட் வரிசையில் அந்தப் பகுதியின் முதல் 1 சதவீதத்துக்குத்தான் ராயல்டி (அரச) பட்டம், முதல் 4 சதவீதத்துக்கு நைட் (Knight) பட்டம். அடுத்தவரை முந்தினால்தான் ஏற முடியும் என்பதால், எல்லோருக்கும் தெரிந்த ஒரே சிக்னலில் 'நெரிசல்' என்று திரும்பத் திரும்ப ரிப்போர்ட் போட ஆசை வரும். வேஸ் மேப்பைத் திருத்தும் எடிட்டர்களுக்கு எண்ணிக்கையோடு உரிமையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 3,000 எடிட்டில் 2-ஆம் லெவல், 25,000-இல் 3-ஆம் லெவல். லெவல் ஏறினால் பூட்டியிருக்கும் பெரிய ரோடுகளில் கைவைக்கலாம். தேவையில்லாமல் ரோட்டின் வளைவை ஒரு மயிரிழை நகர்த்திச் சேமிப்பது ஏன் நடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பாயின்டே வைக்காவிட்டால்? யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் 2017 டிசம்பரில், தெருவில் நடந்து போகிமான் பிடிக்கும் போன் விளையாட்டான போகிமான் கோ அந்த மேப்புக்கு மாறியதும், வீட்டைச் சுற்றி இல்லாத பூங்காக்களும் நடைபாதைகளும் முளைத்தன. பூங்கா இருந்தால் போகிமான் அதிகம் வரும் என்ற கணக்கு. அங்கே ஒரு வசதி, ஒவ்வொரு மாற்றத் தொகுப்பும் யார், எப்போது என்று பொதுவில் தெரியும். யாரும் கேள்வி கேட்கலாம், மொத்தமாகத் திருப்பியும் விடலாம்.

கூகுளில் அப்படித் திருப்பும் பொத்தான் பயனர் கையில் இல்லை. தவறான ரோட்டைப் புகார் செய்த பிறகும் அது சில காலம் அங்கேயே கிடக்கலாம். வாய்க்கால் கரையோ வரப்போ ரோடாக ஏறியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் சாட்டிலைட் பார்வைக்கு மாற்றிக் கடைசி இரண்டு கிலோமீட்டரை முன்பே பாருங்கள். காருக்கு வேண்டிய அகலம் தெரியாவிட்டால் மெயின் ரோட்டிலேயே ஒரு இடத்தைத் தொட்டு அதை இலக்காக வைத்துக்கொண்டு போங்கள். மீதியை டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.