செஃப் தருவதா, நாம் கேட்பதா?

பேர்பெற்ற ஓர் உணவகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே கேட்பது "எத்தனை நட்சத்திரம்?" என்பதுதான். நான் கேட்கும் கேள்வி வேறு. அன்றிரவு என் தட்டில் என்ன வரவேண்டும் என்பதை யார் முடிவு செய்யப்போகிறார்கள்? அதை வைத்துப் பார்த்தால் உலகின் உயர்தர உணவகங்கள் மூன்று கட்சிகளாகப் பிரிகின்றன. செஃப் வகுத்த வரிசையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சாப்பிட வைக்கும் டேஸ்டிங் மெனு ஒன்று. அட்டையைக் கையில் கொடுத்து, வேண்டியதைக் கேட்கச் சொல்லும் பழைய ஆ லா கார்ட் முறை இன்னொன்று. சமைப்பவருக்கு நேரெதிரே உட்கார வைக்கும் கவுண்டர் மூன்றாவது. மூன்றிலும் மனம் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். மூன்றிலும் எரிச்சலோடு எழுந்தும் வந்திருக்கிறேன். என் ஓட்டு எதற்கு என்பதை மறைக்கப்போவதில்லை: அட்டைக்குத்தான்.

ஆனாலும் டேஸ்டிங் மெனுவின் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது. ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிட்டால், வயிறு நிறைவதற்கு முன்பே நாக்கு அலுத்துவிடுகிறது. பார்பரா ரோல்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சாப்பிட்ட பண்டத்தின் மீதான விருப்பம் சரிகிறது. இன்னும் தொடாத பண்டங்களின் மீதான விருப்பம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. "போதும், இனி ஒரு வாய்கூட இறங்காது" என்றவர் இனிப்பைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். கலிஃபோர்னியாவின் யோன்ட்வில்லில் 1994 முதல் 'ஃபிரெஞ்ச் லாண்டரி' என்ற உணவகத்தை நடத்திவரும் தாமஸ் கெல்லர், தன் மெனு முழுவதையும் இந்த உண்மையின் மேல்தான் கட்டியிருக்கிறார். முதல் சில வாய்களில் கிடைக்கும் வியப்பு போகப் போகக் குறையும். ஆகவே அலுப்பு தொடங்குமுன் தட்டு காலியாகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்பது சுற்று, ஒரு சுற்றில் வந்த மூலப்பொருள் மறு சுற்றில் தலைகாட்டாது.

ஸ்பெயினின் ரோசஸ் ஊருக்கருகே ஃபெரான் அட்ரியா நடத்திய 'எல் புல்லி' இதை இன்னும் நீட்டிப் பார்த்தது. ஒரே இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு உருப்படிகள். அவற்றில் ஒன்று பார்வைக்குச் சாதாரண ஆலிவ் காய். வாயில் வைத்தால் மெல்லிய தோல் உடைந்து உள்ளேயிருந்து ஆலிவ் சாறு பரவும். ஆண்டில் பாதி நாள் கதவைச் சாத்திவிட்டுப் புதிய உணவுகளைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பருவத்துக்குச் சுமார் 8,000 பேருக்குத்தான் இடம். இடம் கேட்டவர்கள் இருபது லட்சம் வரை இருந்ததாகச் சொல்வார்கள். 2011 ஜூலை 30 அன்று அந்த உணவகம் மூடப்பட்டது. ஆனால் நீண்ட மெனு என்ற வடிவம் அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது. அட்ரியாவின் நீளத்தைக் கடன் வாங்குவது எளிது. அவருடைய கற்பனையைக் கடன் வாங்குவதுதான் முடியாத காரியம்.

என் குறை அங்கேதான் தொடங்குகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவகத்தில் ஏழாவதோ எட்டாவதோ சுற்றாக ஒரு சிறு கிண்ணம் வந்தது. அடியில் கண்ணாடி போல மெலிதாகச் சீவிய காளான் துண்டுகள், அவற்றின் மேல் மூன்று இலைகள், அவ்வளவுதான். பரிமாறுபவர் ஒரு மண் கூஜாவிலிருந்து தேன் நிறத் தெளிவான சாற்றை ஊற்றினார். சூடு பட்டதும் இலைகள் சுருங்கின. மழை பெய்த காட்டின் வாசனை எழுந்தது. நான்கு கரண்டி, முடிந்தது. நான் சாப்பிட்ட சிறந்த உணவுகளில் அதுவும் ஒன்று. இன்னும் ஒரு கிண்ணம் கிடைத்தால் மீதி வரிசையையே விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் அங்கே அப்படிக் கேட்க வழியில்லை. கிண்ணம் போயிற்று, அடுத்து நுரை பூசிய ஏதோ ஒன்று வந்தது. அதற்கடுத்து வந்தவை எவை என்று இன்று என்னால் சொல்ல முடியாது. நாக்கு அலுக்கக் கூடாது என்று செய்த ஏற்பாட்டில் கவனம் அலுத்துப்போகிறது. பத்தாவது சுற்றைத் தாண்டியபின் வருகிற உணவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்கு உரிய மரியாதையை என்னால் கொடுக்க முடிவதில்லை.

இன்னொரு தொல்லை, விளக்கவுரை. ஒவ்வொரு தட்டோடும் ஒருவர் வந்து நிற்பார். எந்த மலைச்சரிவில் பறித்த கீரை, எத்தனை நாள் புளிக்க வைத்த சாறு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒப்பிப்பார். நாம் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும், அவர் போனபின் "எங்கே விட்டோம்?" என்று தேட வேண்டும். கதையே உணவாகிற இடங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. இத்தாலியின் மொதெனாவில் மாஸ்ஸிமோ போத்தூராவின் 'ஓஸ்தெரியா ஃபிரான்ஸெஸ்கானா'வில் எலுமிச்சை டார்ட் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. அந்தச் சிதறலையே அவர் ஒரு தட்டாக்கிவிட்டார். இங்கிலாந்தின் பிரே கிராமத்தில் 'ஃபேட் டக்' நடத்தும் ஹெஸ்டன் புளூமென்தால், கடலுணவுத் தட்டோடு ஒரு சங்கைக் கொடுத்து, அதற்குள் வைத்த ஐபாடில் அலையோசை கேட்கச் செய்தார். இவற்றில் கதையை எடுத்துவிட்டால் உணவில் பாதி போய்விடும். ஆனால் இவர்களைப் பார்த்துக் கதை சொல்லக் கிளம்பியவர்கள் பலரிடம் இருப்பது கதை மட்டும்தான்.

அந்த மூன்று இலைகளைச் சாமணத்தால் எடுத்து வைத்தவர் யார் என்றும் கேட்கத் தோன்றுகிறது. நீண்ட மெனுவுக்குக் கைகள் நிறைய வேண்டும். கோபன்ஹேகனின் 'நோமா' பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022இல்தான். அடுத்த ஜனவரியிலேயே அதன் செஃப் ரெனே ரெட்ஸெபி, உயர்தர உணவகம் இப்போது நடக்கிற விதத்தில் இனித் தாக்குப்பிடிக்காது என்று அறிவித்தார்.

சரி, அட்டைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் ரெஸ்டாரன்ட் என்ற ஒன்று தோன்றியபோது, சத்திரத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டியதே இந்த உரிமைதான். சத்திரத்தில் குறித்த நேரத்தில், பொது மேசையில், போட்டதைச் சாப்பிட வேண்டும். ரெஸ்டாரன்ட்டில் தனி மேசையும், வேண்டியதைக் கேட்கும் அட்டையும் உண்டு. இன்றைய டேஸ்டிங் மெனு, வெள்ளைத் துணி விரித்த சத்திரம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

ஆ லா கார்ட்டின் சிறப்பு, ஓர் உணவோடு பழக அது நேரம் தருகிறது. நான் மறக்காத காட்சி ஒன்று. வெண்ணெயில் பொரித்த, சோல் என்ற தட்டை மீனை முழுசாகத் தள்ளுவண்டியில் வைத்து மேசையருகே கொண்டுவந்தார்கள். வயதான பரிமாறுநர், கையில் ஒரு கரண்டியும் முள்கரண்டியும் மட்டுமே. முதலில் இரு ஓரத்துத் துடுப்பு முட்களைத் தள்ளி ஒதுக்கினார். நடுக்கோட்டில் கரண்டியின் விளிம்பை ஓட்டி, மேல்சதையை இரு பக்கமும் விலக்கினார். பிறகு தலைப்பக்கத்திலிருந்து முதுகெலும்பை நெம்ப, அது ஒரு முள்ளும் உடையாமல் முழுசாகக் கழன்று வந்தது. விலக்கிய சதையைப் பழையபடி மூடி, பழுப்பேறிய வெண்ணெயை மேலே ஊற்றி என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் வாயில் வெண்ணெயின் மணம்தான் தெரிந்தது. பாதியில்தான் மீனின் இனிப்பு பிடிபட்டது. கடைசியில் தட்டில் மிஞ்சிய எலுமிச்சைச் சாற்றையும் வெண்ணெயையும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டபோது அது மூன்றாவது சுவையாக இருந்தது. நான்கு கரண்டியில் முடிகிற உணவு இந்தப் பயணத்துக்கு இடம் தருவதில்லை.

ஒரே உணவைப் பல்லாண்டு செய்து தேர்ச்சி பெறுவதும் இந்த முறையின் குணம். பாரிஸின் 'தூர் தார்ஜான்' 1890 முதல் தன் வாத்துகளுக்கு எண் போட்டு வருகிறது. எலும்புக்கூட்டை வெள்ளி அச்சில் இட்டு நசுக்கி, வடியும் சாற்றிலேயே குழம்பு செய்கிறார்கள். சாப்பிட்டவருக்கு அவருடைய வாத்தின் எண் பொறித்த அட்டை கிடைக்கும். 2003இல் எண் பத்து லட்சத்தைத் தாண்டியது. பிரெஞ்சு செஃப் பால் போக்யூஸ் 1975இல் பிரான்ஸ் அதிபருக்காகச் செய்த டிரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் காளான்) சூப், மேலே மாவுக்கூரை உப்பி நிற்க, இன்றும் அவருடைய உணவகத்தில் பரிமாறப்படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பழைய புகழில் தூங்கும் உணவகங்கள் இந்தக் கட்சியில்தான் அதிகம். புகழ்பெற்ற ஓரிடத்தில் எனக்கு வந்த குழம்பின் மேல் ஆடை படர்ந்திருந்தது. நெடுநேரம் விளக்கின் கீழ் காத்திருந்த தட்டு என்பது பார்த்ததுமே தெரிந்தது. இன்னொரு சங்கடம், இங்கே தப்பாகக் கேட்டால் பழி நம்முடையது. கேட்பதும் ஒரு கலை. "எது நன்றாக இருக்கும்?" என்று கேட்டால் "எல்லாமே" என்ற பதில்தான் வரும். "இந்த அட்டையில் நீண்ட காலமாக நீக்கப்படாமல் இருப்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே அந்த வீட்டின் உயிராக இருக்கும்.

கவுண்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முடிவு செய்பவர் செஃப்தான்; ஆனால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். டோக்கியோவின் கின்ஸாவில் உள்ள 'சுகியாபாஷி ஜிரோ'வில் பத்தே இருக்கைகள். இருபது துண்டு சுஷி, அரைமணி நேரத்தை ஒட்டி விருந்தே முடிந்துவிடும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து முதுகு நோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல சுஷி கவுண்டரில் சோறு உடற்சூட்டில் இருக்கும். செஃப் வைத்த கையோடு எடுத்து வாயில் போட வேண்டும். இடக்கைக்காரர் என்று கண்டுகொண்டால் அடுத்த துண்டைத் திருப்பி வைக்கிறவர்களும் உண்டு. சமையலறைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே வேறு கை இல்லை என்பதே இதன் பலம்.

1996இல் ஓய்வை அறிவித்த பிரெஞ்சு செஃப் ஜோயல் ரோபுஷோன், 2003இல் திரும்பி வந்தபோது திறந்தது மேசை விரிப்புகள் கொண்ட அரண்மனை அல்ல. 'லத்தேலியே' என்ற கவுண்டர் உணவகம். சுஷி கவுண்டரையும் தபாஸ் என்ற சிறு தின்பண்டங்கள் தரும் ஸ்பெயின் மதுக்கூடத்தையும் சேர்த்துப் பிசைந்த வடிவம் அது. கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே அட்டையைப் பார்த்துக் கேட்கலாம். மூன்று கட்சிகளில் எதையும் முழுதாகப் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். ஆனால் நான்கு நண்பர்களோடு கவுண்டருக்குப் போகாதீர்கள். வரிசையாக உட்கார்ந்தால் இரு கோடியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது.

நட்சத்திரங்கள் இதில் எங்கே வருகின்றன? பிரெஞ்சு உணவக வழிகாட்டி நூலான மிஷெலின் 1926இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. இரண்டும் மூன்றும் 1931இல் வந்தன. மதிப்பிடுவது தட்டில் உள்ளதை மட்டுமே. மேசை விரிப்பையும் உபசரிப்பையும் அல்ல. ஆண்டு முழுக்க ஒரே தரம் நிற்கிறதா என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. போக்யூஸின் உணவகம் 1965 முதல் 2020 வரை மூன்று நட்சத்திரத்தை வைத்திருந்ததை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். 2002இல் தொடங்கிய 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியலோ ஓட்டெடுப்பு. அங்கே பேச்சும் புதுமையும் எடுபடும். 2019 முதல், ஒருமுறை முதலிடம் பெற்றவர் மறுபடி போட்டியிடவே முடியாது. ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில், விறகுத் தணலில் மட்டும் சமைக்கிற 'எச்செபாரி' 2024, 2025 இரண்டு ஆண்டும் இந்தப் பட்டியலில் இரண்டாமிடம். மிஷெலின் அதற்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். இருவரும் பொய் சொல்லவில்லை. அளப்பது வேறு வேறு. பட்டியலின் உச்சிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் டேஸ்டிங் மெனுக்காரர்கள் என்பதால், அட்டைதான் வேண்டும் என்கிற என்னைப் போன்றவர்களுக்கு மிஷெலினே உதவுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என் தீர்ப்பைத் திருப்பிப் போடுவேன். பழைய பாணி அட்டையில் அவர்களுக்கு இரண்டு வரி இருந்தால் அதிகம். மீன் கவுண்டரில் அதுவும் இல்லை. டேஸ்டிங் மெனுக்காரர்களோ காய்கறியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள். 'ஃபிரெஞ்ச் லாண்டரி'யில் காய்கறிக்கென்றே தனியாக ஒன்பது சுற்று உண்டு. பாரிஸின் 'ஆர்பேஜ்' உணவகத்தில் அலென் பஸார் 2001இல் சிவப்பு இறைச்சியை நீக்கினார். மூன்று நட்சத்திரமும் போகவில்லை. முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால், அடுத்தவர் தட்டிலிருந்து மீனை மட்டும் எடுத்துவிட்டு உங்களுக்குத் தருவார்கள்.

ஒயின் இணைப்பு பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோப்பை என்பது பாதி வழியிலேயே நாக்கை மழுங்கடித்துவிடும். இருவருக்கு ஒரு பாட்டில் போதும். குடிக்காதவர்களுக்கு இப்போது பழச்சாறு, தேநீர் இணைப்புகளும் கிடைக்கின்றன.

டேஸ்டிங் மெனுவும் அட்டையும் இரண்டுமே உள்ள வீடுகளில் இன்னொரு லாபம் இருக்கிறது. அட்டையிலிருந்து இரண்டே உணவு கேட்டாலும் தொடக்கத்தில் வாய்க்கு ருசியாகச் சில சிறு துண்டுகள் வரும். முடிவில் காப்பியோடு குட்டி இனிப்புகள் வரும். அதாவது டேஸ்டிங் மெனுவின் தலையும் வாலும் உங்களுக்கும் உண்டு. நடுவில் மட்டும் நீங்கள் விரும்பியது. ஆனால் அட்டையை நீங்களாகக் கேளுங்கள். சில வீடுகளில் கேட்காதவருக்கு அதைக் காட்டுவதே இல்லை.