232-ஆ, 332-ஆ: வீட்டில் மணியடிக்க எது தோது?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் கறுப்பு பேக்லைட் (பழங்காலப் பிளாஸ்டிக்) போன் கண்ணில் பட்டால், விலை கேட்பதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். பிரிட்டன் அஞ்சல் துறைக்காகச் செய்த மாடல் என்றால் அடித்தகட்டில் 232, 332 என்று முத்திரை இருக்கும். பின்னால் எல் என்றால் டயலில் எழுத்தும் உண்டு. எஃப் என்றால் எண் மட்டும். சிபி என்றால் டயலே கிடையாது, அதை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கைப்பிடியில் 164 என்ற எண்ணையும் தேடுங்கள். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கார்பாலிக் வாடை வர வேண்டும், அதுதான் பேக்லைட்டின் அடையாளம்.

அழகுக்கு பிரமிடு வடிவ 232தான். ஆனால் அதன் வயிற்றில் மணி இல்லை. மணியும் கண்டென்சரும் (மின்தேக்கி) 26ஆம் எண் மணிப்பெட்டியில் தனியாக இருக்கும். அந்தப் பெட்டி இல்லாமல் வாங்கினால் பாதி போன்தான். 1937இல் வந்த 332இல் எல்லாம் ஒரே கூட்டுக்குள். முதல் போனுக்கு இதையே எடுங்கள்.

வீட்டு ஃபைபர் ரௌட்டரோடு இணைக்க இரண்டே ஒயர் போதும்: ஆர்ஜே11 பிளக்கின் (போன் ஒயர் நுனியில் வரும் சிறு பிளக்) நடு இரண்டு முனைகள். முன்பின் மாறினாலும் பாதகமில்லை. அதற்கு முன் அந்த இரண்டு ஒயரிலும் மல்டிமீட்டர் வைத்து ஓம் பாருங்கள். ரிசீவரை போன்மேல் வைத்திருக்கும்போது லைன் திறந்தே (மின்சாரம் ஓட வழியில்லாமல்) காட்ட வேண்டும். சுமார் 1000 ஓம் காட்டினால் கண்டென்சர் போய்விட்டது. மணிச்சுருள் நேராக லைனில் உட்கார்ந்து, ரௌட்டர் நீங்கள் ரிசீவரை எடுத்ததாகவே நினைத்துக்கொள்ளும். 2 அல்லது 2.2 மைக்ரோஃபாரட், 250 வோல்ட்டுக்குக் குறையாத ஃபிலிம் கண்டென்சர் போடுங்கள். மணி வரும்போது ஒயரைத் தொடாதீர்கள், சுள்ளென்று அடிக்கும்.

குரல் மங்கலா? கார்பன் துகள் இறுகியிருக்கும். கைப்பிடியை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். மணி முனகுகிறதா? கிண்ணங்கள் மையம் விலகிப் பொருத்தப்பட்டவை. திருகைத் தளர்த்தி, நாக்கு தொடும் அளவுக்குத் திருப்புங்கள்.

அடுத்த சண்டை டயலோடு. ஃபைபர் ரௌட்டரின் போன் துளையில் அழைப்பு வரும், பேசலாம். ஆனால் டயல் திரும்பும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டித்து எண்ணைச் சொல்லும் பல்ஸ் பல ரௌட்டர்களுக்குப் புரியாது, டயல் சுற்றினாலும் டயல் டோன் அப்படியே ஓடும். பல்ஸை பட்டன் போனின் டோனாக்கும் சிறு பெட்டியை இடையில் போடலாம். இல்லையேல் பல்ஸ் ஏற்கும் விஓஐபி அடாப்டர் (போனை இணையம் வழியாகப் பேசவைக்கும் பெட்டி). மணிக்கும் தெம்பு தருவதாகப் பார்த்து வாங்குங்கள். வெளியே அழைக்கப்போவதில்லை என்றால் இரண்டும் வேண்டாம். டயலின் வேகம் வினாடிக்கு 10 பல்ஸ். 0 சுற்றி விட்டால் ஒரு வினாடிக்குச் சற்று மேல் எடுத்துத் திரும்ப வேண்டும்; இரண்டு வினாடி ஆனால் காய்ந்த கிரீஸ்.