மென்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போகிற சங்கக்காரருக்கு

கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், சின்னத் தனியார் ஆஸ்பத்திரி என்று யாழ்ப்பாணத்தில் இப்ப எங்கே போனாலும் "சிஸ்ரம் ஒண்டு போடப் போறம்" என்ற கதைதான். போடுங்கோ. ஆனால் கையெழுத்து வைக்க முதல் எங்கட சங்கத்துக்கு நடந்ததை ஒருக்கா வாசியுங்கோ. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விசயம் சட்டத்தரணியின் மேசையில் இருக்கிறது, பெயர் போட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் வலிகாமத்தில் உள்ள ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். சேமிப்பு, கடன், வட்டி, பங்குப் பணம் எல்லாம் பேரேட்டிலும் ஒரு பழைய எக்ஸெல் கோப்பிலும் ஓடிக்கொண்டிருந்தன. ஒப்பந்தம் எழுதி முடிந்த பிறகு நடந்த பொதுக்கூட்டத்தில்தான் நான் பொருளாளராகத் தெரிவானேன். கோப்பு கைக்கு வந்ததும் முதலில் பார்த்தது கொடுப்பனவு அட்டவணையை. வயிறு எரிந்தது.

கையெழுத்திட்டவுடன் 40 வீதம். மென்பொருளை "நிறுவியவுடன்" 30 வீதம். பயிற்சி முடிய 20 வீதம். மிச்சம் 10 வீதம் கடைசியில். நிறுவுவது என்றால் என்ன? அவர்களிடம் ஏற்கெனவே இருந்த மென்பொருளில் எங்கட சங்கத்தின் பெயரை ஒட்டி ஒரு சேர்வரில் ஏற்றிவிடுவது. அது ஒரு பின்னேர வேலை. ஆக, ஒரு உறுப்பினரின் கணக்குக்கூட உள்ளே போகாமல் 70 வீதம் காசு கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்கு எங்களில் என்ன அவசரம்? போன் எடுத்தால் "சேர் மீற்றிங்கிலை நிக்கிறார்" என்பதுதான் பதில்.

இப்படியான திட்டங்களில் கஷ்டமான வேலை பழைய தரவைப் புதிய இடத்துக்கு மாற்றுவது. விற்க வருகிறவர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். டெமோவில் ஆங்கிலப் பெயரோடு பத்துப் பேரைக் காட்டுவார், எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கட கோப்பிலோ பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஏற்றினால் பெயரைத் தேடினாலும் வராது, அகரவரிசையும் குழம்பும். மாற்றுகிற கருவிகள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் இருந்து சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் அப்படியே ஏற்றிவிட்டு, "உங்கட டேட்டா பிழை, சேர்" என்றார்கள்.

அடையாள அட்டை இலக்கத்துக்கான கட்டம் 12 இலக்கங்களை மட்டும்தான் ஏற்கும். 2016இல் புதிய இலக்கமுறை வருவதற்கு முதல் அட்டை எடுத்தவர்களுக்கு ஒன்பது இலக்கமும் பின்னால் ஒரு ஆங்கில எழுத்தும். எங்கட உறுப்பினரில் பெரும்பாலானோர் அந்த வயதுக்காரர். "முன்னுக்கு சைபர் போட்டு நிரப்புங்கோ மிஸ்" என்று கருமபீடத்தில் இருந்த பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் அறிவுரை வந்தது! முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வேறு. தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைக்கிற ஊரில் அதை யார் எப்படி நிரப்புவது? ஒரே ஆள் இரண்டு உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.

வட்டிக் கதை இதிலும் மோசம். எங்கட சங்கத்தில் கடனுக்கு வட்டி, கட்டக் கட்டக் குறைந்து செல்லும் மீதிக்குத்தான். ஒரு இலட்சம் ரூபாவை வருடம் 12 வீதத்தில் எடுத்து, முதலை 12 சம தவணையாகக் கட்டினால் மொத்த வட்டி 6,500 ரூபா. மென்பொருள் முழுத்தொகைக்கும் வட்டி போட்டு 12,000 என்று காட்டியது. கேட்டால், "ஒப்பந்தத்திலை வட்டி கணித்தல் எண்டுதான் இருக்கு, எந்த முறை எண்டு இல்லை. மாத்த வேணுமெண்டால் அது சேஞ்ச் ரிக்குவெஸ்ட், தனிக் காசு" என்றார்கள். ஒப்பந்தத்தைப் பார்த்தேன். உண்மைதான், அந்த ஒரே ஒரு வரிதான் இருந்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்கென்றே மென்பொருள் செய்கிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. மொட்டையாக எழுதினால் பிறகு ஒவ்வொன்றுக்கும் காசு கறக்கலாம். இதற்கிடையில் குழுவில் ஆளாளுக்கு அவர்களுக்கு வட்ஸ்அப்பில் "இதையும் சேர்த்து விடுங்கோ தம்பி" என்று அனுப்பியிருக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு பில் வந்தது.

ஒரு நாள் பின்னேரம் காசாளர் பிள்ளையின் கணக்கில் காசு குறைகிறது என்று திரை காட்டியது. இணையத் தொடர்பு அறுந்த நேரம் அவள் பொத்தானை இரண்டாம் முறை அழுத்த, ஒரே வைப்பு இரண்டாகப் பதிவாகியிருந்தது. அது பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் அவள் அழுது முடித்துவிட்டாள். குறைகிற காசைப் போடச் சொல்லிக் குழுவில் ஒருவர் சொல்லியும்விட்டார். பிரித்தானியாவில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. பூஜிட்சு நிறுவனம் தபால் அலுவலகங்களுக்குக் கொடுத்த ஹொரைசன் மென்பொருளின் பிழைக் கணக்கை நம்பி, 1999 தொடக்கம் 2015 வரை 900க்கு மேற்பட்ட உபதபாலதிபர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். 2024இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றித்தான் அந்தத் தீர்ப்புகளைத் துடைக்க வேண்டி வந்தது. பழைய பேரேட்டை நாங்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தபடியால்தான் எங்கட பிள்ளை தப்பினாள். புதிய சிஸ்ரம் வந்த அன்றே பேரேட்டை மூடச் சொன்னால் மூடவேண்டாம். இரண்டு மூன்று மாதமாவது இரண்டும் சமாந்தரமாக ஓடட்டும், மாதமுடிவு மீதிகள் சதம் பிசகாமல் ஒத்துப்போகட்டும்.

இனி, ஏமாற்று என்று நான் துணிந்து சொல்கிற இடத்துக்கு வருகிறேன். பயிற்சி முடிந்த அன்று வருகைப் பதிவு என்று ஒரு தாள்கட்டு நீட்டப்பட்டது. எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் எங்கட தலைமை எழுதுவினைஞர் அக்காவின் கையெழுத்து மட்டும் கேட்கப்பட்டது. அது ஆங்கிலத்தில் இருந்த ஏற்புச் சான்றிதழ். மென்பொருளைச் சோதித்துத் திருப்தியோடு பொறுப்பேற்றோம் என்கிறது. ஒரு சோதனையும் நடக்கவில்லை. ஏற்பதற்கு அந்த அக்காவுக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் யாருக்கு அதிகாரம் என்றும் ஒப்பந்தத்தில் இல்லை. அந்தத் தாளைக் காட்டித்தான் இப்பவும் மிச்சக் காசு கேட்கிறார்கள்.

நாங்கள் கடைசி 10 வீதத்தை நிறுத்தி வைத்தோம். அடுத்த கிழமை திரையில் "சந்தா காலாவதியாகிவிட்டது". அப்பதான் ஒவ்வொன்றாக வெளியில் வந்தது. எங்கட சங்கத்தின் பெயரில் இருக்கிற டொமைன், அதாவது இணைய முகவரி, அவர்களுடைய ஊழியர் ஒருவரின் பெயரில் பதியப்பட்டிருக்கிறது. சேர்வர் கணக்கு அவர்களது. தரவுத்தளத்தின் பிரதான பாஸ்வேர்ட் எங்களிடம் ஒரு நாளும் இருந்ததில்லை. உறுப்பினர் தரவைத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டோம், பிடிஎஃப் ஆக அனுப்பினார்கள். அதை வேறொரு மென்பொருளில் ஏற்றுவதென்றால் திரும்ப இருந்து தட்டச்சுச் செய்யவேண்டியதுதான்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கணினி நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. நாங்கள் காசு கொடுத்து எழுதுவித்தோம் என்பதற்காக அது எங்களுடையதாகிவிடாது. உரிமையை எழுத்தில் மாற்றித் தந்தால்தான் உண்டு. ஆனால் உறுப்பினரின் விபரங்களுக்குப் பொறுப்பு வேறு மாதிரி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவின் கட்டுப்பாட்டாளரையும், அவருக்காக அதைக் கையாளுகிறவரையும் பிரித்துத்தான் பேசுகிறது. இங்கே கட்டுப்பாட்டாளர் சங்கம். தரவு எங்கோ போனால், "அது கொம்பனியிட்டை இருந்தது" என்று உறுப்பினருக்குச் சொல்லித் தப்ப முடியாது. பக்கப், அதாவது தரவின் மேலதிகப் பிரதி, அந்த விசயத்திலும் யாரையும் நம்ப வேண்டாம். 2023இல் அரசாங்கத்தின் கிளவுட் என்ற இணையவழிச் சேமிப்பில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தபோது மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பக்கப்பே இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை.

"ஐரி விசயம்தானே, அதைத் தம்பிமார் பாப்பினம்" என்று எங்கட தலைவர் ஐயா கூட்டத்தில் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது. நிறுவனம் உள்ளே வந்தது அந்தக் கதவால்தான். நிறுவனங்கள் தகவல் தொழில்நுட்பத்தை ஆளுவது பற்றி 2008இல் முதன்முதலாக வெளிவந்த ஐஎஸ்ஓ 38500 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. அதில் மதிப்பிடு, வழிநடத்து, கண்காணி என்ற மூன்று வேலைகளும் இயக்குநர் சபையினுடையவை. சபைக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எதுக்காக இது வேண்டும், எவ்வளவு காசு, யார் எங்கட பக்கத்துப் பொறுப்பாளர், எந்த நிலையில் நிறுத்திவிடுவது என்று கேட்கத் தெரிந்தால் போதும். கடன் விண்ணப்பத்துக்கு இரண்டு பிணையாளி கேட்டுத் துருவுகிற எங்கட குழு, கடன் தொகையைவிடப் பெரிய இந்த ஒப்பந்தத்தைத் தேநீர் நேரத்தில் முடித்திருக்கிறது.

இப்ப வேறொரு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நேர்மையாக வேலை செய்கிற பெடியள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இப்படியானவர்கள் பெயரைக் கெடுக்கிறார்கள். இந்த முறை வரைவில், கையெழுத்தோடு கொடுப்பது 15 வீதம்தான். எங்கட சொந்தத் தரவில் ஒரு மாதக் கணக்கு பேரேட்டோடு ஒத்த பிறகே பெரிய தொகை போகும். டொமைனும் சேர்வரும் முதல் நாளிலிருந்து சங்கத்தின் பெயரில். கிழமைக்கொருக்கா முழுத் தரவும் எக்ஸெலில் திறக்கக்கூடிய வடிவில் எங்கட கைக்கு வரவேண்டும். மாற்றம் கேட்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம், அதுவும் எழுத்தில். வட்டி முறைக்கு உதாரணக் கணக்கோடு தனிப் பின்னிணைப்பு. புதிய ஆட்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, தரவு மாற்றத்துக்குத் தனியாக விலையும் நாளும் போட்டுத் தந்தார்கள். அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை.

பழைய நிறுவனம் இப்ப வடமராட்சிப் பக்கம் சங்கங்களைச் சந்திக்கிறதாம். அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தில் திருப்தியான வாடிக்கையாளர் வரிசையில் எங்கட சங்கத்தின் பெயரும் இன்னும் இருக்கிறது. யாராவது அப்படி ஒரு பட்டியலை நீட்டினால் அதில் இருக்கிற சங்கங்களுக்குப் போன் எடுங்கோ. தலைவரிடம் கேட்க வேண்டாம், கருமபீடத்தில் இருக்கிற பிள்ளையிடம் கேளுங்கோ.